குன்னத்துக் கரிசலும் மாறிவரும் மழையும்

மானாவாரி வேளாண்மையை நம்பியிருக்கும் ஊர்களில் மழைக் கணக்கே குடும்பக் கணக்கு என்பது யாவரும் அறிந்ததே. அந்தக் கணக்கு இப்பொழுது பிசகி வருகிறது. 2016ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை வழக்கமான அளவைவிட நூற்றுக்கு 62 பங்கு குறைந்தது. ஒரு நூற்றாண்டுக்கு மேலாகக் காணாத குறைவு அது. 2017 ஜனவரியில் மாநிலத்தின் எல்லா மாவட்டங்களும் வறட்சிக்கு உள்ளானவையாக அறிவிக்கப்பட்டன. ஐந்தே ஆண்டுகளுக்குப் பின், 2021இல், அதே பருவமழை வழக்கத்தைவிட நூற்றுக்கு 59 பங்கு ஏறத்தாழ மிகுந்து பெய்தது. முன்னதில் வயல் காய்ந்தது. பின்னதில் வயல் மூழ்கியது.

இவ்வாறு நேர்வதற்குக் காரணம் உண்டு. உலகின் காற்று மண்டலம் வெப்பமடைந்து வருகிறது. காற்றின் வெப்பம் ஒரு பாகை செல்சியஸ் உயர்ந்தால், அது தாங்கக்கூடிய நீராவி நூற்றுக்கு ஏழு பங்கு அளவில் மிகும். ஆகவே பெய்யும்போது ஓரிரு நாளில் கொட்டித் தீர்ப்பதும், பின்னர் பல நாள் வானம் வெளுத்துக் கிடப்பதும் வழக்கமாகின்றன. வானத்தைத் திருத்த எந்தப் பஞ்சாயத்தாலும் ஆகாது. ஆனால் வந்த மழையை வயலிலேயே நிறுத்திக்கொள்ளும் ஆற்றலைக் கூட்டவோ குறைக்கவோ ஓர் ஊரால் முடியும். பெரம்பலூர் மாவட்டம் குன்னம் வட்டத்தை முன்னிட்டு அதனை இங்கே ஆராய்வோம்.

கடல் தந்த மண்

குன்னம் வட்டத்து நிலம் பெரும்பகுதி கரிசல். இம்மண்ணின் பிறப்பை அறிதல் பயனுடையது. பல கோடி ஆண்டுகளுக்கு முன் இவ்வட்டாரம் கடலின் அடியில் கிடந்தது. கல்லாகிப்போன கிளிஞ்சல்கள் குன்னத்துச் சுற்றுப்புறங்களில் கிடைப்பதை ஊரார் அறிவர். அண்டையிலுள்ள ஆலத்தூர் வட்டத்துச் சாத்தனூரில் பெரிய கல்மரம் ஒன்று கிடக்கிறது. நிலவியல் அறிஞர் எம். எஸ். கிருஷ்ணன் 1940இல் அதனைக் கண்டறிந்து உலகுக்கு அறிவித்தார். அக்கடலில் படிந்த களியும் சுண்ணாம்பும் நைந்து உண்டானதே இன்று நாம் உழும் நிலம்.

கரிசலின் குணங்கள் இதிலிருந்தே விளங்கும். களி மிகுதியானபடியால் நீரைக் கண்டால் உப்பும், காய்ந்தால் வெடிக்கும். சுண்ணாம்பு இருப்பதால் மணிச்சத்தும் துத்தநாகமும் இரும்பும் மண்ணில் இருந்தும் பயிருக்குக் கிட்டாமல் கட்டுண்டு போகும். மக்காச்சோளத்தின் இளம் இலைகள் அடிப்பாகத்தில் வெளிறி வெண்மையாகத் தோன்றினால் அது துத்தநாகக் குறைவின் அடையாளமாகும். பலர் இதனைத் தழைச்சத்துக் குறைவென எண்ணி மேலும் யூரியாவைத் தூவுகின்றனர். செலவு கூடுமேயன்றிக் குறை தீராது.

இனி, கரிசலின் பெருமையையும் சொல்லவேண்டும். ஒரு மீட்டர் ஆழமுள்ள நல்ல கரிசல், பயிர் உறிஞ்சத்தக்க நீரை மட்டும் கணக்கிட்டால் 15 முதல் 20 சென்டிமீட்டர் வரை தன்னுள் தேக்கி வைக்கும். ஓர் ஏக்கரில் ஒரு சென்டிமீட்டர் நீர் என்பது ஏறத்தாழ 40,000 லிட்டர். ஆகவே ஏக்கருக்குக் குறைந்தது 6 லட்சம் லிட்டர் நீர் மண்ணுக்குள்ளேயே நிற்கக்கூடும். ஆறாயிரம் லிட்டர் பிடிக்கும் தண்ணீர் லாரி நூறு நடை கொண்டுவந்து ஊற்றும் நீர் அது. வெட்டுக்கூலி இல்லாத, கரை கட்ட வேண்டாத இக்குளம் ஒவ்வொரு குடியானவரின் காலடியிலும் இருக்கிறது. அது நிறைகிறதா என்பதே கேள்வி.

பெரும்பாலும் நிறைவதில்லை. முதல் மழையின் நீர் வெடிப்புகளின் வழியே விரைந்து இறங்கும். மண் உப்பி வெடிப்புகள் மூடிக்கொண்டபின், நீர் உட்புகும் வேகம் மிகக் குறைந்துவிடும். மேல்மண் மாவுபோல் பொடியாயிருந்தால் மழைத்துளியின் அடியில் அது சேறாகி, பூசி மெழுகிய தரைபோல் இறுகும். பின்னர் பெய்யும் மழை, மண்ணையும் கரைத்துக்கொண்டு ஓடை வழியே வெளியேறும். ஐந்து சென்டிமீட்டர் மழையில் பாதி ஓடினாலும் ஏக்கருக்கு ஒரு லட்சம் லிட்டர் நட்டம்.

இந்த நட்டம் எப்பொழுது தெரிகிறது? மார்கழியில் தெரிகிறது. புரட்டாசியில் விதைத்த மக்காச்சோளம் கார்த்திகைக் கடைசியில் பூத்துக் கதிர்விட்டு மார்கழியில் மணி பிடிக்கும். அப்பொழுது மழை ஓய்ந்துவிடும். நாளொன்றுக்கு நான்கைந்து மில்லிமீட்டர் நீரைப் பயிர் கேட்கும். மண்ணுக்குள் கூடுதலாக ஐந்து சென்டிமீட்டர் நீர் இருந்தால் பத்துப் பன்னிரண்டு நாட்கள் பயிர் தாக்குப்பிடிக்கும். மணி திரண்ட கதிருக்கும் சூம்பிய கதிருக்கும் இடையிலுள்ள வேற்றுமை பல ஆண்டுகளில் இந்தப் பத்து நாட்களே. விதைக்கும் உரத்துக்கும் வாங்கிய கடன் அடைவதும் அடையாததும் அங்கேதான் முடிவாகிறது.

மண்ணின் உயிர்ச்சத்து

மண்துகள்களைச் சிறு சிறு கட்டிகளாகப் பிணைத்து நிறுத்துவது மட்கிய கரிமப்பொருள். நுண்ணுயிர்கள் சுரக்கும் பசையும் பூஞ்சை இழைகளும் வேர்த்துய்களும் மண்ணைக் கோத்துவைக்கின்றன. கோத்த மண் மழைத்துளிக்குக் கலையாது. நீர் இறங்க வழிவிடும். மண்வள அட்டையில் ‘கரிமக் கார்பன்’ என்னும் வரி இதையே காட்டுகிறது. நூற்றுக்கு 0.5 பங்குக்குக் கீழே இருந்தால் குறைவு, 0.75க்கு மேல் மிகுதி. 2015ஆம் ஆண்டு முதல் இந்திய அரசின் திட்டத்தின்கீழ் வழங்கப்பட்ட அட்டைகளில் பன்னிரண்டு கூறுகள் குறிக்கப்பட்டுள்ளன. அட்டையைப் பெட்டியில் பூட்டிவைப்போரே மிகுதி. ஒரே ஒரு வரியை மட்டும் படிப்பதானால் இந்த வரியைப் படிக்கலாம்.

இங்கே ஓர் எச்சரிக்கை வேண்டும். மட்கு சிறிது கூடினாலே மண் பல்லாயிரம் லிட்டர் நீரைக் கூடுதலாகப் பிடித்துவிடும் என்று பெருக்கிச் சொல்வோர் உண்டு. மணற்பாங்கான நிலத்தில் அக்கூற்றில் ஓரளவு உண்மை இருக்கலாம். களிமிகுந்த கரிசலுக்கு நீரைப் பிடிக்கும் ஆற்றல் ஏற்கெனவே இருக்கிறது. இங்கு மட்கு செய்யும் பேருதவி, நீரை உள்ளே விடுவதும் மண் அரித்துப்போகாமல் காப்பதுமேயாகும்.

மட்கைக் கூட்டுவது எளிதுமன்று. ஓர் ஏக்கரின் மேல்மண் 15 சென்டிமீட்டர் ஆழத்துக்கு ஏறத்தாழ 9 லட்சம் கிலோ எடையுள்ளது. அதில் கரிமத்தை 0.1 பங்கு உயர்த்த 900 கிலோ கரிமம் நிலைத்துத் தங்கவேண்டும். பரிந்துரைக்கப்படும் 5 டன் தொழுவுரத்தில் இருக்கும் கரிமம் அரை டன்னைச் சற்றே தாண்டும். நம் நாட்டு வெப்பத்தில் அதிலும் பெரும்பங்கு ஓரிரு ஆண்டுகளில் காற்றோடு கலந்துவிடும். ஆகவே ஒருமுறை எருவடித்துவிட்டு மண் திருந்தவில்லையே என்று சலிப்பதில் பொருளில்லை. கோயமுத்தூரில் 1909ஆம் ஆண்டில் தொடங்கிய நிலையான எருவிடு சோதனை நூறாண்டுகளைக் கடந்து நடந்துவருகிறது. தொழுவுரத்தைத் தொடர்ந்து பெற்ற பாத்திகளில் கரிமம் காக்கப்பட்டிருப்பதை அங்குக் காணலாம். தொடர்ந்து செய்தல் என்பதே அதிலுள்ள பாடம்.

கரிசலுக்கென்றே நடந்த சோதனை ஒன்று ஐதராபாத்தை அடுத்த பட்டாஞ்சேருவில் உள்ளது. ‘இக்ரிசாட்’ என்னும் பன்னாட்டுப் பயிராராய்ச்சி நிலையத்தார் 1976இல் கரிசல் வயல்களை இரண்டு விதமாகப் பிரித்துப் பயிரிடத் தொடங்கினர். ஒன்றில் மரபு முறை: மழைக்காலத்தில் தரிசு, பின்னர் ஒரே பயிர். மற்றதில் மேட்டுப்பாத்தியும் சாலும் அமைத்து, சோளம் அல்லது மக்காச்சோளத்தோடு துவரையைக் கலந்து, அளவான உரமிட்டனர். நீண்டகாலச் சராசரியில் முன்னது எக்டேருக்கு 1.1 டன் தானியமும், பின்னது ஏறத்தாழ 5 டன்னும் தந்தன. ஆண்டுதோறும் அரித்துச் சென்ற மண் முன்னதில் 6.4 டன், பின்னதில் 1.5 டன். 24 ஆண்டுகளுக்குப் பின் பார்த்தபோது, திருத்திய வயலில் எக்டேருக்கு ஏறத்தாழ 7 டன் கரிமம் கூடுதலாகச் சேர்ந்திருந்தது. மரபு முறை வயலுக்கும் தொழுவுரம் இடப்பட்டே வந்தது என்பது நோக்கத்தக்கது. வண்டியிலிருந்து கொட்டிய எருவைவிட, செழித்த பயிரின் வேரும் உதிர்ந்த துவரை இலையுமே மண்ணில் மிகுதியாகச் சேர்ந்தன.

இந்த ஐந்து மடங்கைக் குன்னத்தில் எதிர்பார்த்தல் தகாது. அங்கே தரிசாய்க் கிடந்த மழைக்காலத்தில் பயிர் ஏறியது விளைச்சல் உயர்வுக்குப் பெரிய காரணம். நம் உழவர் மழைக்காலத்திலேயே விதைத்துவிடுகின்றனர். மேலும் அங்கே தென்மேற்குப் பருவம், இங்கே வடகிழக்கு. எனினும் சரிவுக்குக் குறுக்கே மேட்டுப்பாத்தியும் சாலும் அமைப்பது, பருப்பினப் பயிரைக் கலப்பது ஆகிய இரண்டும் இங்கும் பொருந்தும். மழை மிகுந்தால் சால் வடிகாலாகும். குறைந்தால் அதே சால் நீரை நிறுத்தும். எது வரும் என்று தெரியாத காலத்துக்கு ஏற்ற அமைப்பு அதுவே.

தட்டையும் பருத்தி மாரும்

பெரம்பலூர் மாவட்டம் மக்காச்சோளத்துக்கும் பருத்திக்கும் பெயர் பெற்றது. தை, மாசியில் அறுவடை முடிந்ததும் ஏராளமான தட்டையும் பருத்தி மாரும் வயல்களில் நிற்கும். அவற்றில் ஒரு பங்கு மாட்டுக்கும் அடுப்புக்கும் போக, எஞ்சியதற்குப் பல இடங்களில் தீ வைக்கப்படுகிறது. தீ வைத்தால் கரிமமும் தழைச்சத்தும் ஏறக்குறைய முழுவதும் புகையாகும். கையில் மிஞ்சுவது சாம்பல். எருவுக்கு எங்கே போவது என்று கேட்கும் ஊரிலேயே எரு எரிகிறது என்பது வருந்தத்தக்கது.

குடியானவர்களைக் குறை கூறுவது நம் கருத்தன்று. அவர்கள் சொல்லும் காரணங்களில் உண்மையுண்டு. உலர்ந்த தட்டையில் கரிமம் மிகுதி, தழைச்சத்து குறைவு. விதைப்புக்குச் சற்று முன்னே அதனை மடக்கி உழுதால், மட்கவைக்கும் நுண்ணுயிர்கள் மண்ணிலுள்ள தழைச்சத்தைத் தாமே எடுத்துக்கொள்ளும், பயிர் வெளுக்கும். ஆகையால் அறுவடை முடிந்த உடனே, மண்ணில் ஈரம் இருக்கையிலேயே, தட்டையைத் துண்டாக்கி மண்ணோடு கலந்துவிடவேண்டும். புரட்டாசி வருமுன் ஏழெட்டு மாதம் அதற்குக் கிடைக்கும். பருத்தி மாரில் புழுவும் மாவுப்பூச்சியும் தங்கும் என்ற அச்சமும் சரியானதே. அதனை வயலில் நிற்கவிடாமல் பிடுங்கித் துண்டாக்கி, சாணக் கரைசல் தெளித்துக் குழியிலோ குவியலிலோ மட்கவைத்தால், குவியலின் உள்வெப்பமே புழுவை அழிக்கும். துண்டாக்கும் எந்திரம் ஒவ்வொருவரும் வாங்கக்கூடியதன்று. ஊருக்கு ஒன்றாக, உழவர் குழுவின் பொறுப்பில், வாடகைக்கு விடத்தக்கது.

உழவைப் பற்றியும் ஒரு சொல். சுழல்கலப்பையை இரண்டு மூன்று முறை ஓட்டி மண்ணை மாவாக்குவதே நல்ல உழவு என்ற எண்ணம் பரவியிருக்கிறது. கரிசலுக்கு இது கேடு. மேலே பொடியும் கீழே கெட்டித்தளமும் உண்டாகும். கோடையில் சரிவுக்குக் குறுக்கே ஓர் ஆழ உழவு போதும். தளம் இறுகிய வயலில் மூன்றாண்டுக்கு ஒருமுறை உளிக்கலப்பை ஓட்டலாம். 2018இல் இந்தியாவுக்குள் புகுந்து அவ்வாண்டே நம் மக்காச்சோளத்தைச் சூறையாடிய படைப்புழுவின் கூட்டுப்புழுக்களும் கோடை உழவில் வெளிப்பட்டுப் பறவைகளுக்கு இரையாகும். அப்புழு கற்பித்த மற்றொன்றும் உண்டு. கண்ணுக்கெட்டிய தூரம் ஒரே பயிராயிருந்தால் வந்த பகை எல்லார் வீட்டையும் ஒருங்கே தாக்கும். உளுந்து, தட்டைப்பயறு, துவரை ஆகியவற்றை வரிசைக்கிடையிலும் வயலோரத்திலும் சேர்ப்பது மண்ணுக்கும் நன்று. வீட்டுக் குழம்புக்கும் நன்று.

பசுந்தாள் உரத்தைப் பற்றி எல்லாரும் பேசுகின்றனர். சணப்பையும் தக்கைப்பூண்டும் நல்லவையே. 2024-25ஆம் ஆண்டு மாநில வேளாண் நிதிநிலை அறிக்கையில் அறிவிக்கப்பட்ட ‘மண்ணுயிர் காத்து மன்னுயிர் காப்போம்’ திட்டத்திலும் பசுந்தாள் உரப்பயிருக்கு இடமளிக்கப்பட்டது. ஆயினும் மானாவாரியில் பசுந்தாள் பயிரும் நீர் குடிக்கும் என்பதை மறக்கலாகாது. ஆடியில் நல்ல மழை கிடைத்தால் விதைத்து, பூக்கும் தறுவாயில், அதாவது ஆறேழு வாரத்தில், மடக்கி உழலாம். ஆடி மழை பொய்த்தால் விட்டுவிடுவதே மேல். இல்லையேல் புரட்டாசி விதைப்புக்குரிய ஈரத்தை அது குடித்துவிடும். வரப்பில் கிளைரிசிடியா நட்டுத் தழை வெட்டிப் போடுவதிலும், தானே முளைக்கும் கொழிஞ்சியைக் காப்பதிலும் இந்த இடர்ப்பாடு மிகக் குறைவு.

ஆட்டுக்கிடை பழைய முறை. இன்றும் அதற்கு நிகர் குறைவு. ஆட்டெரு அவ்வாண்டே பலன் தரும், மாட்டெரு மறு ஆண்டில் தரும் என்பது நம் முன்னோர் வழக்கு. கிடை போடுவோர்க்கு வழியும் தண்ணீரும் வேண்டும். மேய்ச்சல் நிலமும் ஓடைப் பாதையும் அடைபட்டால் கிடை அந்த ஊரை விட்டு விலகிப்போகும். இது தனி ஒரு குடியானவர் தீர்க்கக்கூடிய காரியமன்று.

ஊராகச் செய்யவேண்டியவை

அமெரிக்க நாட்டின் நடுப்பகுதியில் 1930களில் புல்வெளிகளை ஓயாது உழுது, வறட்சியும் வந்து சேர்ந்தபோது, மேல்மண் புழுதிப் புயலாக எழுந்தது. 1935இல் அந்நாடு மண்காப்புச் சட்டம் இயற்றியது. அதன்பின் உழவர்கள் வட்டாரம் வட்டாரமாக மண்காப்பு அமைப்புகளை ஏற்படுத்திக்கொண்டனர். ஓடும் நீருக்கு வரப்புத் தெரியாது. மேட்டுக்காரர் நீரை விட்டுவிட்டால் பள்ளத்துக்காரர் வரப்பு உடையும். நம் நாட்டிலும் 1952 அக்டோபர் 2இல் தொடங்கிய சமுதாய அபிவிருத்தித் திட்டத்தின் நாட்களில் ஊர்தோறும் கம்போஸ்ட் குழிகள் வெட்டப்பட்டன. அக்குழிகள் பல இடங்களில் தூர்ந்துபோயின. அவற்றை மீண்டும் தோண்டுவதில் வெட்கமில்லை.

ஏரி வண்டலைக் குறித்து ஊராட்சியினர் சிறிது சிந்திக்கவேண்டும். வட்டாட்சியரிடமே அனுமதி பெற்று வண்டல் எடுக்க 2024இல் அரசு வழிசெய்தது. நஞ்சைக்கு ஏக்கருக்கு 75 கனமீட்டரும் புஞ்சைக்கு 90 கனமீட்டரும் அளவாகக் குறிக்கப்பட்டன. செம்மண்ணுக்கும் மணற்பாங்கான நிலத்துக்கும் வண்டல் பெரும் நன்மை. ஏற்கெனவே களிமிகுந்த கரிசலில் மேலும் களியைக் கொட்டுவதில் பயன் குறைவாயிருக்கலாம். ஆகவே வண்டலைச் சோதித்தபின், செம்மண் நிலத்தாருக்கு முதலிடம் தருவதே முறை. பெயர் வேளாண்மையாகவும் மண் சேருமிடம் வேறாகவும் இராதபடி பார்த்துக்கொள்வதும் ஊராரின் கடமை.

ஊரில் சேரும் மட்கும் குப்பையை உரமாக்குவது நல்ல காரியம். ஆனால் பிளாஸ்டிக்கும் கண்ணாடியும் கலந்த குப்பையை வயலுக்கு அனுப்புவதைவிட அனுப்பாதிருத்தல் நலம். பண்ணைக்குட்டையைப் பொறுத்தவரை, கரிசலில் நீர்க்கசிவு குறைவாதலால் நல்ல பலன் உண்டு; மார்கழியில் ஒரு தண்ணீர் விடுவதற்கு அது உதவும்.

ஊராட்சி அலுவலகத்தில் ஒரு மழைமானி வைக்கலாம். ஒரு மில்லிமீட்டர் மழை என்பது ஒரு சதுரமீட்டருக்கு ஒரு லிட்டர். நாள்தோறும் அளந்து பலகையில் எழுதினால், விதைப்புக்கான ஈரம் வந்ததா என்பதை ஊரார் தாமே கணிப்பர். காப்பீட்டுக்கும் நிவாரணத்துக்கும் மனுச் செய்யும்போது அந்த ஏடு கையில் இருப்பது நல்லது.

மார்ச் 22 உலக நீர் நாள்; அன்று கிராம சபை கூடுகிறது. அறுவடை முடிந்து நிலம் சும்மா கிடக்கும் காலமாதலால் மண் மாதிரி எடுக்கவும் அதுவே தருணம். மரநிழல், எருக்குவியல், வரப்போரம் ஆகியவற்றை விலக்கி, ஒரு வயலில் பத்துப் பதினைந்து இடங்களில் ஆங்கில ‘வி’ வடிவில் 15 சென்டிமீட்டர் ஆழம் குழி பறித்து, பக்கச் சுவரில் ஒரே சீராக மண் சீவ வேண்டும். எல்லாவற்றையும் கலந்து நான்காகப் பகுத்து, எதிரெதிர்ப் பங்குகளை நீக்கி, அரைக் கிலோ மிஞ்சும்வரை இவ்வாறு செய்து, நிழலில் உலர்த்தித் துணிப்பையில் இடவேண்டும். பெயர், புல எண், முன் போட்ட பயிர், இனிப் போடும் பயிர் ஆகியவற்றை எழுதி வட்டார வேளாண்மை அலுவலகத்தில் ஒப்படைக்கலாம். ஐயங்களுக்கு வாலிகண்டபுரத்திலுள்ள வேளாண் அறிவியல் மையத்தையும், பருத்தியைக் குறித்து வேப்பந்தட்டை பருத்தி ஆராய்ச்சி நிலையத்தையும் அணுகலாம். முடிவுகள் வந்ததும் கரிமக் கார்பன் எண்ணை மட்டும் புல எண் வாரியாக ஒரு பேரேட்டில் பதிந்து, மூன்றாண்டுக்கு ஒருமுறை அதே வயல்களில் மீண்டும் எடுத்து ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.